பெட்ரோல் விலை ஏறும்போது மலைமேல் வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி?

எரிபொருள் விலை திடீரென உயரும்போது நீலகிரியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்தச் சுமை மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் ஒன்று. சமையலுக்கும் வெந்நீருக்கும் எரிக்கும் சமையல் வாயுவும் மின்சாரமும் மற்றொன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறிவரும் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு ஆகியவற்றின் விலையில் ஒளிந்திருக்கும் டீசல் மூன்றாவது. டீசல் விலை ஏறிய சில நாட்களிலேயே லாரி வாடகை ஏறிவிடுகிறது. டீசல் இறங்கிய பிறகு வாடகை இறங்கியதை நான் கண்டதில்லை. ஆகவே, பெட்ரோலை மட்டும் கணக்கில் வைத்துச் சிக்கனம் பிடிப்பவர் மற்ற இரண்டு வழிகளிலும் பணத்தை விட்டுக்கொண்டே இருப்பார்.

முதல் வேலையாக ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மூன்று செய்திகளை மட்டும் அதில் எழுதினால் போதும்: வண்டி எத்தனை முறை, எதற்காக வெளியே எடுக்கப்பட்டது, சிலிண்டர் எந்தத் தேதியில் மாட்டப்பட்டது, எந்தத் தேதியில் தீர்ந்தது, மின்மீட்டர் ஞாயிறுதோறும் என்ன எண் காட்டுகிறது. ரூபாய்க் கணக்கை இதனுடன் கலக்க வேண்டாம். விலை மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாயை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. வண்டி எடுத்த முறைகளையும் சிலிண்டர் ஓடிய நாட்களையும் மின்சார யூனிட்டையும் வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

வண்டியும் மலைப்பாதையும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்திலும் உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு காரை இந்த 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் என்ஜினால் பயன்படுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 2 லிட்டர் செலவாகும். சாலையில் ஓடுவதற்கு ஆகும் பெட்ரோல் இதற்கு மேல் தனி. டயரில் காற்றைச் சரியாக வைப்பதும், டிக்கியில் தேவையின்றிக் கிடக்கும் பொருள்களை இறக்கி வைப்பதும் நல்லவைதாம். ஆனால் 50 கிலோ சுமையைக் குறைத்தால் ஓர் ஏற்றத்தில் மிச்சமாவது 100 மில்லி அளவே. ஓர் ஏற்றத்தையே தவிர்த்தால் மிச்சமாவது லிட்டர் கணக்கில். எனவே மைலேஜைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, மாதத்துக்கு எத்தனை முறை மலையிறங்கி ஏறுகிறோம் என்பதைக் கவனிப்பதே பயன் தரும்.

இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மளிகைச் சாமான் கீழே மலிவு என்று கோயம்புத்தூருக்குக் காரில் போய், ஒரு மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வாங்கி வந்தோம். அன்று இரவு பில்லை எதிரே வைத்துக்கொண்டு உள்ளூர்க் கடை விலையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது, சாமானில் மிஞ்சியதைவிடப் பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போனது அதிகமாக இருந்தது. போதாக்குறைக்கு, வாங்கும் எண்ணமே இல்லாத இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் வீட்டுக்கு வந்திருந்தன. கீழே போகத்தான் வேண்டும் என்றால் மருத்துவம், வங்கி, உறவினர் வீட்டு விசேஷம் ஆகியவற்றை ஒரே நாளில் சேர்த்துக்கொண்டு, அன்றே சாமானும் வாங்கலாம். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரே வண்டியில் போனால் இன்னும் நல்லது.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமாகும் என்று வண்டியை நியூட்ரலில் உருட்டி விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது உயிருக்கு ஆபத்தானது என்பது ஒருபுறம் இருக்க, மிச்சம் என்ற கணக்கும் தவறு. இன்றைய பியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எரிபொருள் செல்வது நின்றுவிடும். சக்கரமே என்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். பிரேக்கும் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய ஓட்டுநர்களின் வழக்கம் சிக்கனத்துக்கும் பொருந்துகிறது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024-இல் மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. உங்கள் ஊர் வழியாகச் செல்லும் எந்தப் பேருந்துகளில் அது உண்டு என்பதை நடத்துநரிடம் கேட்டு, நேரங்களைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நேரம் கண்ணுக்கு எதிரே இருந்தால் ஸ்கூட்டியை எடுக்கும் கை சற்றுத் தயங்கும்.

அடுப்பு

உதகை உயரத்தில் தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பை வேகவைப்பது வாயுவைக் காற்றில் விடுவதற்குச் சமம். குக்கருக்குள்கூட, வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே குறைவு என்பதால், சமவெளியில் 121 டிகிரி எட்டும் வெப்பம் 116 டிகிரி அளவில் நின்றுவிடும். கோவையில் மூன்று விசிலில் வெந்த பருப்பு இங்கே வேகாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். அதற்காக விசிலைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. ஒவ்வொரு விசிலும் நாம் காசு கொடுத்து உண்டாக்கிய ஆவியை வெளியே தள்ளுகிறது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, அடுத்த விசில் எளிதில் வராத அளவுக்கு அடக்கிக்கொண்டு, நிமிடக் கணக்கில் வேகவிடுவதே சரி.

எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். துவரம்பருப்பையோ மொச்சையையோ வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கிறோம்; இங்குள்ள குளிர்ந்த பச்சைத்தண்ணீரில் ஊறுவதற்கு நெடுநேரம் பிடிக்கும். குக்கரில் அழுத்தம் ஏறிப் பத்து நிமிடம் ஆனதும் அடுப்பை அணைத்து, குக்கரை அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு மரப்பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் பழைய கம்பளியைத் திணித்து மூடிவிடுகிறோம். பெட்டிக்குள் பருப்பு தன் சூட்டிலேயே மேலும் வெந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் கை வைக்க முடியாத சூடு இருக்கும். குக்கரின் பக்கத்திலேயே அரைத்த இட்லி மாவை மூடி வைத்துவிட்டால், டிசம்பரில்கூட மாவு புளிக்கும். மாவுப் பாத்திரத்தை அடுப்பு மேடையில் வைத்துச் சூடு காட்டும் வேலை இல்லை.

சிலிண்டர் விஷயத்தில் மலைக்கே உரிய ஒரு நட்டம் உண்டு. சமையல் வாயுவில் பியூட்டேன் கணிசமாக இருக்கிறது. அது பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகவே மறுக்கும். உறைபனி விழும் ஜனவரிக் காலையில், வெளியே வைத்த சிலிண்டரில் தீ சுருங்கினால், தீர்ந்துவிட்டது என்று கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அடியில் இருக்கும் வாயு நம் காசிலேயே கிடங்குக்குத் திரும்பிப் போகிறது. கழற்றிய சிலிண்டரை உடனே கொடுத்துவிடாமல், வெயில் ஏறிய நண்பகலில் மீண்டும் மாட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் எரிந்தால் வியப்படைய வேண்டாம். சிலிண்டரைப் படுக்கவைப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும், அருகில் நெருப்புக் காட்டுவதும் எந்த நிலையிலும் கூடாது. புதிய சிலிண்டர் வரும்போது எடை போட்டு வாங்குங்கள்: கழுத்தருகே பொறித்திருக்கும் வெற்று எடையுடன் 14.2 கிலோ சேர்ந்து வர வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் மேட்டு வீடு என்று சொல்லிப் பில்லுக்கு மேல் நீண்ட காலம் கூடுதல் பணம் கேட்டார்கள். வீட்டில் கொண்டுவந்து தருவதற்கான கட்டணம் பில்லிலேயே அடங்கியது என்று சொல்லி, பில் தொகையை மட்டும் எண்ணிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு நின்றது.

மின்சாரமும் வெந்நீரும்

வாயு விலை ஏறியதும் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 140 யூனிட் தேவைப்படும். தமிழ்நாட்டில் 2024 ஜூலைக் கட்டணப்படி வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளுக்கு, அதாவது முதலில் வரும் யூனிட்டுகளுக்கு, உரிய குறைந்த விலைச் சலுகையும் பறிபோய்விடும். அந்தக் கட்டணப்படி, 500-லிருந்து 501 ஆவதால் மட்டும் பில் 200 ரூபாய்க்கு மேல் தாவும். உங்கள் மீட்டர் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் நிற்கிறது என்றால், காலைக் காபியும் சாதமும் இண்டக்‌ஷனுக்குப் போவது லாபம். 450-ஐத் தொடுகிற வீட்டார் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஞாயிறுதோறும் மீட்டர் பார்த்து எழுதச் சொன்னது இதற்காகத்தான். கணக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்னதாகவே எண் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும்.

வெந்நீரைப் பற்றி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நான்கு பேர் ஆளுக்கு 15 லிட்டர் வெந்நீரில் குளித்தால், 12 டிகிரித் தண்ணீரை 42 டிகிரிக்குக் கொண்டுவர நாளொன்றுக்கு 2 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு மாதத்தில் அது 125 யூனிட். மேலே சொன்ன இலவச 100 யூனிட்டும் குளியலறையிலேயே கரைந்துவிடுகிறது. கீசரைக் காலை முழுவதும் போட்டு வைக்காமல், வீட்டார் அனைவரும் அடுத்தடுத்துக் குளிக்கும்படி நேரத்தை அமைத்துக்கொண்டால், ஆறிப்போனதை மீண்டும் சூடாக்கும் செலவு மிச்சமாகும். வெயில் நன்றாக விழும் கூரையுள்ள வீட்டுக்குச் சூரிய வெந்நீர்க் கருவி நல்ல முதலீடு. மழை மாதங்களில் வாரக்கணக்கில் மேகம் மூடிக்கிடக்கும் இடங்களில் அதை நம்பிக் கீசரைக் கழற்றிவிட வேண்டாம்.

தேயிலைத் தோட்டம் அருகில் உள்ளவர்களுக்குக் கவாத்து செய்த (செடியைக் கத்தரித்த) மிலாறு, அதாவது குச்சி விறகு, கிடைக்கும். பாய்லரில் எரிக்க அதைப்போல ஒன்று இல்லை. கவாத்து முடிந்ததும் தோட்டக்காரரிடம் சொல்லி எடுத்து, தாழ்வாரத்தில் காற்றோட்டமாக அடுக்கி, மழைக்கு முன்பே காயவிடுங்கள். ஈர விறகை எரித்தால் சூட்டில் ஒரு பகுதி விறகிலுள்ள தண்ணீரை விரட்டவே போய்விடும். கற்பூர மரத்தின் (யூக்கலிப்டஸ்) காய்ந்த இலையும் பட்டையும் பற்றவைக்க நல்லவை. காப்புக்காட்டுக்குள் விறகுக்குப் போவது சட்டப்படி குற்றம்; காட்டுமாட்டின் எதிரே போய் நிற்கவும் நேரலாம்.

சந்தை

முருங்கைக்காய், கத்தரிக்காய், தக்காளி, தேங்காய் ஆகியவை மலையேறி வருபவை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், நூல்கோல், டர்னிப், முள்ளங்கி, பீன்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவை இங்கேயே விளைபவை. டீசல் ஏறிய மாதங்களில் சாம்பாருக்கு முருங்கைக்காயை விட்டு நூல்கோலுக்கு மாறுங்கள். உழவர் சந்தையில் காலையிலேயே போய் விளைவித்தவரிடமே வாங்குங்கள். வேலியோரம் ஒரு மேரக்காய் (சௌசௌ) கொடியைப் படரவிட்டால், பனி கருக்கும் வரை வாரத்துக்கு இரண்டு நாள் காய்ச் செலவு இருக்காது. நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசியோடு துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு அதை விட்டுவிடுகிற குடும்பங்கள் இப்போதாவது போய் வாங்கலாம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஹீட்டருக்கு மின்சாரம் ஆகிறது என்று, கரி நெருப்புச் சட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவு, ஜன்னல்களை மூடிக்கொண்டு தூங்கியவர்கள் மலைப்பகுதிகளில் இறந்திருக்கிறார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்கு அது எதையும் உணர்த்தாது. நெருப்புச் சட்டியைச் சுற்றி உட்காருவதெல்லாம் வெளித் திண்ணையோடு இருக்கட்டும். படுக்கப் போகும்போது ரப்பர் வெந்நீர்ப் பையில் கால் பங்கு இடம் விட்டு வெந்நீரை ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடியைத் திருகி, ஒரு துணியில் சுற்றிக் கம்பளிக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டியும் சூடு இருக்கும், அதற்கு ஆகும் தண்ணீரும் ஒன்றரை லிட்டர்தான்.