ஆவணத்தில் இல்லாத பதில்: திறமூல ஃபிரேம்வொர்க்குகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல் கோடு அருமையாக இருந்தும் ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கை (இணையதளம் கட்டுவதற்கான அடிப்படை மென்பொருளை) ஆட்கள் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் ஆவணத்தை, அதாவது பயன்படுத்துவோருக்கான விளக்கப் பக்கங்களைத்தான். இதைப் பேச, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க் நல்ல உதாரணம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி 2005-ல் வெளியானது. ஆவணத்துக்குப் பேர் போனது.

கோடு எழுதுவதை முதலில் முடிப்போம், ஆவணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது முதல் தவறு. அந்த அப்புறம் வருவதே இல்லை. ஜாங்கோவில் ஆவணமும் கோடும் ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. புது வசதியோடு ஆவணமும் டெஸ்ட்டும் வராவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டுவது. ஜாங்கோ தன் ஆவணத்தை டுடோரியல், தலைப்பு வாரியான விளக்கம், ரெஃபரன்ஸ், செய்முறைக் குறிப்பு என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. வாக்கெடுப்பு ஆப் ஒன்றைக் கட்டிக் காட்டும் அதன் டுடோரியலைப் படிப்பவர் பைத்தானே இப்போதுதான் பழகியவராக இருக்கலாம். அவருக்கு ஒரே வழி காட்டினால் போதும். ஆனால் நல்லெண்ணத்தோடு ஒருவர் வந்து “இதை இப்படியும் செய்யலாம்” என்று ஒரு பத்தி சேர்ப்பார், இன்னொருவர் விதிவிலக்கு ஒன்றைச் சேர்ப்பார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரிதான். இப்படிப் பத்து சேர்ந்தால் புதியவர் மூன்றாம் பக்கத்தோடு மூடிவிடுவார். டுடோரியலுக்கு வரும் திருத்தங்களில் பாதியையாவது மறுக்கலாம் என்பது என் கட்சி.

பதிப்பு எண்ணைக் கவனிக்காமல் விடுவது இன்னும் மோசம். 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0-வில் ஃபாரின் கீ (ஒரு அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கும் புலம்) எழுதும்போது, இணைந்த பதிவு அழிந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ‘ஆன் டெலீட்’ கட்டாயமானது. பழைய பாடம் ஒன்றைப் பார்த்து அதை விட்டுவிட்டு எழுதினால், மாடல் ஃபைலிலேயே டைப் எரர் வந்து நிற்கும். எழுதியவருக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாது. அவர் பார்த்து எழுதியது 1.8-க்கான பாடம். ஆதரவு முடிந்த பதிப்பின் பக்கத்தைத் திறந்தால் ஜாங்கோ மேலேயே எச்சரிக்கை காட்டுகிறது. எந்தப் பதிப்பில் எது மாறியது என்பதையும் அந்தந்த இடத்திலேயே குறிக்கிறது. சிறிய திட்டங்களும் இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘சும்மா இதைச் சேர்த்தால் போதும்’, ‘ரொம்ப எளிது’ போன்ற சொற்களையும் வெட்டிவிடுங்கள். ஜாங்கோவின் எழுத்து விதிகளே இதைச் சொல்கின்றன. எளிது என்று எழுதியிருப்பது தனக்கு வரவில்லை என்றால், படிப்பவர் கேள்வி கேட்கவே கூச்சப்படுவார்.

சரி, கேட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். “சர்வரில் ஏற்றியதும் சிஎஸ்எஸ் காணோம்” என்பது எப்போதும் வரும் கேள்வி. சர்வரில் ஏற்றும்போது, பிழை தேட உதவும் டீபக் அமைப்பை அணைத்தால், ஸ்டாட்டிக் ஃபைல்களை (பக்கத்துக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ், படங்கள் போன்றவற்றை) ஜாங்கோ தானாக அனுப்பாது. கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளையை ஓட்டி அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு வெப் சர்வர் மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். “ஆவணத்தைப் படியுங்கள்” என்று மட்டும் சொல்வது பதிலே இல்லை, குறைந்தது எந்தப் பக்கம் என்றாவது காட்ட வேண்டும். பொறுமையாக விளக்குகிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள்: அருமையான பதிலைச் சாட்டில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். தேடுபொறிக்கு அது எட்டாது. அடுத்த வாரம் வேறொருவர் அதையே கேட்பார். ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால் அதை ஆவணத்தின் பிழையாகப் பதிவு செய்யுங்கள். திருத்தும்போது, கேட்டவர் சொன்ன சொற்களையே, எரர் வாசகத்தோடு சேர்த்து, பக்கத்தில் போடுங்கள். தேடுகிறவர் ‘ஸ்டாட்டிக் ஃபைல் டிப்ளாய்மென்ட்’ என்று தேட மாட்டார், ‘சிஎஸ்எஸ் வரவில்லை’ என்றுதான் தேடுவார்.

இதையெல்லாம் இரண்டு பேர் தலையில் கட்டினால் அவர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். புகார்களைத் தரம் பிரிக்கவும் திருத்தங்களைச் சரிபார்க்கவும் ஜாங்கோ அறக்கட்டளை 2014 முதல் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. எல்லாத் திட்டங்களிடமும் அந்தப் பணம் இருக்காது. அப்படியென்றால் சின்னச் சின்ன ஆவண வேலைகளைப் புதியவர்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஆனால் அவர்கள் அனுப்பும் முதல் திருத்தத்தை மாதக்கணக்கில் பார்க்காமல் கிடப்பில் போட்டால், இரண்டாவது திருத்தம் வராது.