வெள்ளியும் வியாழனும் நெருங்கும் மாலை: நெல்லைச் சீமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரகாசமான இரண்டு கோள்கள் வானில் அருகருகே நிற்பதைப் பார்க்கத் தொலைநோக்கியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். தேதியை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, எங்கே நின்று, எந்தத் திசையில், எந்த அரை மணி நேரத்தில் பார்ப்பது என்பதை அன்று மாலை வரை யோசிக்காமல் இருந்துவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். சமவெளியில் இது பெரிய குற்றமில்லை. மேற்கே மலைத்தொடர் மறித்து நிற்கும் திருநெல்வேலிப் பகுதியில் இதுவே முழுக் காட்சியையும் கெடுத்துவிடும்.

வெள்ளிக் கோள் நம் பார்வையில் சூரியனை விட்டு சுமார் 47 டிகிரிக்கு மேல் ஒருபோதும் விலகுவதில்லை. எனவே அதனுடன் வேறொரு கோள் நெருங்குவதை மாலையில் மேற்கிலோ விடியலுக்கு முன் கிழக்கிலோதான் காண முடியும். நம் அட்சரேகையில் கோள்கள் ஏறக்குறைய செங்குத்தாக, 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறங்குகின்றன. 1000 மீட்டர் உயரமுள்ள மலைமுகட்டை 5 கிலோமீட்டர் தொலைவில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அடிவானத்தில் 11 டிகிரி மறைந்துவிடும். அதாவது பார்க்கக் கிடைக்கும் நேரத்தில் முக்கால் மணி நேரத்தை மலை எடுத்துக்கொள்ளும். பாபநாசத்திலும் களக்காட்டிலும் குற்றாலத்திலும் அடிவாரத்தில் நின்று மேற்கே பார்ப்பவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சூரியன் மலைக்குப் பின்னால் போனதையே அஸ்தமனம் என்று எண்ணி, அப்போதிருந்து நிமிடங்களை எண்ணத் தொடங்கி, வெளுத்த வானத்தில் எதையும் காணாமல் வீடு திரும்புவது இதனோடு ஒட்டிய இன்னொரு தவறு.

பாளையங்கோட்டையைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டால் நிலைமை மாறுகிறது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையே அங்கிருந்து சுமார் 2 டிகிரிக்குள் அடங்கிவிடும். நிலம் கிழக்கே சரிவதால் இப்பகுதிக் குளங்கள் பலவற்றுக்குக் கரை கிழக்குப் பக்கம் அமைந்திருக்கிறது. அந்தக் கரைமேல் நின்றால் எதிரே நீர்ப்பரப்பும் அதற்கு மேல் திறந்த வானமுமாக இருக்கும். மொட்டைமாடியைவிட நான் அதையே விரும்புவேன். இடத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கையை முழுக்க நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி, சுண்டுவிரலின் அகலம் 1 டிகிரி. மலை விளிம்பு அடிவானத்திலிருந்து எத்தனை விரல் உயரம் என்று ஒரு பகல்பொழுதில் அளந்து வைத்துக்கொண்டால் போதும்.

மேற்கு என்றால் எப்போதும் ஒரே இடம் என்று நினைப்பதும் தவறு. 2026 ஜூன் 9ஆம் தேதியை ஒட்டி வெள்ளியும் வியாழனும் ஒன்றரை டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளிக்கு நெருங்கும் நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் அவை மறையும் இடம் நேர் மேற்கிலிருந்து இரண்டு முஷ்டி வடக்கே, திருநெல்வேலியிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ தென்காசித் திசையில் இருக்கிறது. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் வெறும் 6 கலை இடைவெளியில், அதாவது முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் நின்றபோது, அவை மறைந்த இடமோ மேற்கிலிருந்து இரண்டு முஷ்டி தெற்கே, அகத்தியர் மலைப் பக்கம் இருந்தது. டிசம்பரில் வசதியாக இருந்த மாடி ஜூனில் பக்கத்து வீட்டுத் தென்னையால் மறைபடலாம். நிகழ்வுக்கு நான்கைந்து நாள் முன்பே அதே இடத்தில், அதே நேரத்தில் ஒருமுறை நின்று பார்த்துவிடுவது இதற்கு நல்ல மருந்து.

நேரத்தில் வரும் குழப்பம் வேறு வகை. இணையத்தில் கிடைக்கும் கணக்குகள் பெரும்பாலும் உலக நேரத்தில் இருப்பதால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டும்போது சில வேளை தேதியே மாறிவிடும். 2020இல் அதிகபட்ச நெருக்கம் நமக்கு நள்ளிரவை ஒட்டி வந்தது, ஆனால் கோள்கள் இரண்டும் இரவு 8 மணியை ஒட்டியே மறைந்துவிட்டன. குறித்த மணித்துளிக்காகக் காத்திருந்தவருக்கு வெறும் வானம்தான் மிச்சம். அந்தத் துல்லியமான கணத்தைவிட, அன்று உங்கள் ஊரில் கோள்கள் வானில் இருக்கும் நேரம் எது என்பதே முக்கியம். அதேபோல, ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் ‘அடிவானத்தில் மிகத் தாழ்வு’ என்று எச்சரிப்பதை அப்படியே நம்பிச் சோர்ந்துவிட வேண்டாம். கோள்களின் பாதை நம் ஊரில் அடிவானத்துக்குச் செங்குத்தாக நிற்பதால் அதே கோள்கள் இங்கே பல வேளைகளில் உயரமாகத் தெரியும். ஜூன் 9 அன்று இங்கே சூரியன் 6:40 மணியளவில் மறைகிறது. இந்த இரண்டு கோள்களும் அதற்குப் பிறகும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வானில் இருக்கின்றன. 7:15 முதல் 8 மணி வரை பார்க்க மிக வசதியான நேரம்.

பஞ்சாங்கத்தில் ‘குரு சுக்கிரன் சேர்க்கை’ என்று இருப்பதை வானத்துக் காட்சிக்கான அறிவிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே ராசியில் இருக்கும் காலத்தை அது சொல்கிறது. ராசி என்பது 30 டிகிரி அகலம், ஆகையால் சேர்க்கை நடக்கும் வாரங்களில் அவை இரண்டு முஷ்டிக்கு மேலும் விலகி நிற்கலாம். ராசி எல்லையின் இருபுறமும் அவை ஒட்டி நின்றால் பஞ்சாங்கப்படி சேர்க்கையே இல்லை. ஆனால் பஞ்சாங்கத்தில் நமக்குப் பயன்படும் குறிப்பு ஒன்று உண்டு. திருமணத்துக்கு ஆகாது என்று விலக்கப்படும் குரு மூடமும் சுக்கிர மூடமும் அந்தக் கோள் சூரியனுக்கு மிக அருகில் இருந்து கண்ணுக்குத் தெரியாத காலங்களே. அந்த நாட்களில் நிகழும் நெருக்கத்துக்காகப் பயணம் ஏற்பாடு செய்யாதீர்கள்.

ஜூன் மாதம் என்றால் தென்மேற்குப் பருவமழை. குற்றாலத்தில் சாரல் விழும் மாலையில் மலைமுகட்டின்மேல் மேகம் உட்கார்ந்திருக்கும். கிழக்கே போகப்போக வானம் திறக்கும். எனவே அருவிக் குளியலையும் கோள் பார்ப்பதையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பது அவ்வளவு நல்ல திட்டமில்லை. ஒரே ஒரு மாலையை நம்பியிருக்கவும் வேண்டாம். வெள்ளி வியாழனை நாளுக்கு ஒரு டிகிரி அளவு கடந்து செல்வதால், ஜூன் 8, 10 தேதிகளிலும் இடைவெளி ஏறத்தாழ 2 டிகிரிதான். வெறும் கண்ணுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் திறந்த வெளி தாராளம் என்றாலும், காற்றாலைகளைச் சுழற்றும் அதே ஆனி, ஆடிக் காற்று உங்கள் முக்காலியையும் ஆட்டும். ஒரு சுவரின் மறைவில் நிற்பது நல்லது.

தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவதால் ஒரு கோளை மட்டும் பார்த்து மற்றதை இழக்கிறார்கள். 40 மடங்கு பெருக்கத்தில் பார்வைப் புலம் பொதுவாக ஒன்றேகால் டிகிரி அளவே இருக்கும். அதற்குள் ஜூன் ஜோடி அடங்காது. 10×50 பைனாகுலரில் 6 டிகிரிக்கு மேல் தெரியும், அசையாமல் பிடித்தால் வியாழனின் பெரிய நிலவுகளும் புள்ளிகளாகத் தென்படும். செல்போனில் இரவு முறையில் எடுத்தால் வியாழனைவிட ஆறு மடங்கு பிரகாசமான வெள்ளி வெண்ணிறத் திட்டாகப் பரவிவிடும். வெளிச்ச அளவைக் கையால் குறைத்து, போனை எதன்மீதாவது சாய்த்து, டைமர் வைத்து எடுங்கள்.

விடியற்காலை நெருக்கங்களுக்கு உவரியும் திருச்செந்தூரும் ஏற்ற கடற்கரைகள். ஆனால் அங்கே சூரியனைத் தாமதப்படுத்த மலை கிடையாது, பஞ்சாங்கத்தில் உள்ள உதய நேரத்துக்கே அது எழுந்துவிடும். தவறியும் அதன் வழியே சூரியனைப் பார்த்துவிடாதபடி, பைனாகுலரை உதயத்துக்குக் கால் மணி நேரம் முன்பாகவே உறைக்குள் வைத்துவிடுங்கள். குழந்தைகள் கையில் இருந்தால் இன்னும் முன்பாகவே வாங்கிவிடுங்கள்.