ஒரு பஸ் பசங்களுக்கு பெட்டாலியனா? இங்கிலீஷ்ல பட்டாளத்த எழுதற விதம்

நம்மகிட்ட ட்யூஷன் வர்ற பையன் ஒருத்தன் ஏற்காடு என்சிசி கேம்ப் பத்தி இங்கிலீஷ்ல கட்டுரை எழுதிட்டு வந்தான், "எ பெட்டாலியன் ஆஃப் கேடட்ஸ்" மலை ஏறுச்சாம், எத்தன பேருடா போனீங்கன்னா ஒரே பஸ்ஸு சார்ங்கறான். என்சிசி யூனிட் பேர்லயே பெட்டாலியன்னு இருக்கறதால வந்த கொழப்பம், அவன் மேல தப்பில்ல.

மொதல்ல சைஸ் பாருங்க. வாழைப்பழ கடையில சீப்ப காட்டி தாரு என்ன விலைன்னு கேட்டா கடைக்காரர் நம்மள ஒரு மாதிரி பாப்பார்ல, அதே கதைதான் இங்கயும். நம்ம ஆர்மி காலாட்படை கணக்குல செக்‌ஷன்னா 10 பேரு, மூணு செக்‌ஷன் ஒரு பிளட்டூன், மூணு பிளட்டூன் ஒரு கம்பெனி, அது 100, 120 பேரு வரும், அப்படி நாலு கம்பெனியும் மத்த ஆளுங்களும் சேந்து 800 பேர் பக்கம் போனாதான் பெட்டாலியன். ஏற்காடு பஸ்ஸுல 20 ஹேர்பின் வளைவு ஏறுனது பிளட்டூன் தேறுனா பெருசு. பீரங்கிப் பிரிவுன்னா பேட்டரி, கப்பல் கூட்டம்னா ஃப்ளீட், சண்டை விமானக் கூட்டம்னா ஸ்குவாட்ரன்.

அடுத்து வெர்ப். "த பிளட்டூன் இஸ்"னு ஒருமையில எழுதுங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பிரிட்டிஷ்காரங்க "ஆர்"னும் எழுதுவாங்க, ஆனா மேல இஸ், கீழ ஆர்னு கலந்துடாதீங்க.

கேப்பிட்டல் லெட்டர் சுலபம். 1758ல ஆரம்பிச்ச மெட்ராஸ் ரெஜிமென்ட்னு முழுப்பேரு எழுதறப்ப ரெஜிமென்ட்டோட மொத எழுத்து பெருசு, அப்பறம் வெறும் "த ரெஜிமென்ட்"னா சின்னது.

இப்ப வில்லங்கமான ரெண்டு வார்த்தை. "500 ட்ரூப்ஸ்"னா 500 வீரர்கள், ஆனா ஒத்த ஆள "எ ட்ரூப்"னு எழுதாதீங்க, அது ஒரு பிரிவையே குறிக்கும். நடுவுல ரெண்டு ஓ வரணும், ஓ யு போட்டு கடைசில ஈ வெச்சா நம்மூரு கூத்து ஜமா ஆயிடும்.

இன்னொன்னு கோர், அதாவது படைப்பிரிவு, என்சிசியோட கடைசி சி இதான். எழுதறது சி ஓ ஆர் பி எஸ், பி எஸ் ரெண்டுக்கும் சத்தமே கெடையாது. கடைசில ஒரு ஈ ஒட்டிக்கிச்சுன்னா பொணம்! அந்தப் பையன் நேஷனல் கேடட் பொணத்துல இருக்கேன்னுதான் எழுதிருந்தான். பன்மைக்கும் இதே ஸ்பெல்லிங்தான், வாயில மட்டும் கோர்ஸ்னு வரும்.