வைரஸ் நிமோனியாவில் இறந்தவரின் நுரையீரல், இதய ஸ்லைடுகளை எப்படிப் படிப்பது

வைரஸ் தொற்று முற்றி மூச்சுத்திணறி இறந்தவரின் திசு ஸ்லைடு கைக்கு வந்ததும் 'எந்த வைரஸ்?' என்றுதான் என் மாணவர்கள் தேடத் தொடங்குவார்கள். நான் முதலில் பார்ப்பது காயத்தின், அதாவது திசுச் சேதத்தின் வயதை. தட்டம்மை, அடினோவைரஸ் போன்ற சில வைரஸ்கள் செல்லுக்குள் அடையாளம் விட்டுப்போகும். மற்றவை பெரும்பாலும் நுரையீரலை ஒரே மாதிரிதான் சிதைக்கின்றன. அங்கே பெயரைச் சொல்ல வேண்டியது வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை.

ஸ்லைடுக்கும் முன்னால் எடை. இரண்டு நுரையீரலும் சேர்ந்து பொதுவாக ஒரு கிலோவுக்குள் இருக்கும். இந்த மரணங்களில் 2 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. வெட்டினால் கல்லீரல் போலக் கெட்டியாக இருக்கும். மூச்சுக்குழாய் வழியாக திசுவைப் பதப்படுத்தும் 10 சதவீத பார்மலினை மெதுவாகச் செலுத்தி, விரிய வைத்து, அப்புறம் வெட்டுங்கள். இல்லாவிட்டால் வெறுமனே சுருங்கிக் கிடக்கும் காற்று நுண்ணறைகளை நோய் என்று நினைத்துவிடுவோம். ஐந்து மடல்களிலிருந்தும் துண்டு எடுக்க வேண்டும். ஒரு மடலில் காயம் புதிதாகவும் இன்னொன்றில் வாரக்கணக்கில் பழையதாகவும் இருக்கலாம்.

இப்போது குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். நுண்ணறைச் சுவரை ஒட்டி இளஞ்சிவப்பாக, கண்ணாடித்தாள் போலப் படிந்திருப்பது ஹையலின் சவ்வு. செத்த செல்களும், தந்துகியிலிருந்து கசிந்த ஃபைப்ரினும் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) மற்ற புரதங்களும் சேர்ந்து உருவானது. இது இருந்தால் காயம் பெரும்பாலும் முதல் வாரத்தைச் சேர்ந்தது. அதன்பின் இரண்டாம் வகை நுண்ணறைச் செல்கள் பெருகும். அவற்றின் பெரிய உட்கருவைக் கண்டு வைரஸ் என்றோ புற்றுநோய் என்றோ மிரள வேண்டாம், பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, அவ்வளவுதான். இன்னும் நாள் போனால் நார்த்திசு சேர்ந்து சுவர் தடிக்கும். ட்ரைக்ரோம் சாயத்தில் நன்றாகத் தெரியும்.

தந்துகிகளில் நுண்ணிய ரத்த உறைவுகளைத் தேடுங்கள். 2020இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கோவிட் நுரையீரல்களில் இவை இன்ஃப்ளூயன்சாவைவிட 9 மடங்கு அதிகம் காணப்பட்டன. ஆனால் உறைவு இருப்பதாலேயே கோவிட் என்று முடிவுகட்டக் கூடாது. நுண்ணறைகள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களால் நிரம்பியிருந்தால், பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயம் போடுங்கள், பாக்டீரியா பின்தொடர்ந்து வந்திருக்கலாம். 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களின் திசுக்களை மறுபடி ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் பாக்டீரியா நிமோனியாவின் தடயம் இருந்தது.

சரி, இதயம். அவசரத் தீர்ப்புகள் இங்கேதான் அதிகம். இரண்டு கீழறைகள், இடைச்சுவர் மூன்றிலிருந்தும் துண்டு எடுங்கள். நாலைந்து லிம்போசைட்டை (ஒரு வகை வெள்ளணு) கண்டதும் 'இதயத்தசை அழற்சி' என்று எழுதிவிடுகிறார்கள். 1986இல் வகுத்த டாலஸ் அளவுகோலின்படி, அழற்சிச் செல்களுக்குப் பக்கத்திலேயே தசைநார் (இதயத்தசை இழை) சிதைந்திருக்க வேண்டும். தசைநாரின் குறுக்கே தடித்த சிவப்புப் பட்டைகள் தெரிந்தால் தீவிர சிகிச்சையில் அட்ரினலின் வகை மருந்துகள் கொடுத்தார்களா என்று கேளுங்கள். அவையும் இப்படிச் செய்யும். வலது கீழறை மட்டும் விரிந்திருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஏறிய அழுத்தத்தை நான் முதலில் சந்தேகிப்பேன்.

இதயத் துண்டில் பிசிஆர் பாசிட்டிவ் என்றாலும் வைரஸ் தசைநாருக்குள் இருந்ததாக ஆகாது, ரத்தத்திலோ, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லிலோ இருந்திருக்கலாம். அறிக்கையில் 'சிதறிய லிம்போசைட்டுகள், தசைச் சிதைவு இல்லை' என்று கண்டதை எழுதிவிட்டு, பிசிஆர் முடிவைத் தனி வரியில் போடுங்கள்.