மரப்பு ஊசியில் கூட்டு மருந்து: பழக்கதோஷத்தில் கலக்காதீர்கள்

பனையிலிருந்து விழுந்தவர், நாற்கரச் சாலையில் பைக்கோடு சரிந்தவர், மணிக்கட்டு முறிந்த பீடி சுற்றும் அக்கா என்று திருநெல்வேலிப் பக்கம் நரம்பு பிளாக்குக்கு (நரம்பருகே ஊசி போட்டுக் கை, காலை மட்டும் மரக்க வைப்பதற்கு) ஆள் குறைவதே இல்லை. பியூப்பிவகெயின் என்ற மரப்பு மருந்தோடு கூட்டு மருந்தாக இன்னொன்றைச் சேர்த்தால் மரப்பு கூடுதல் நேரம் நிற்கும், சரி. யாருக்கு, எவ்வளவு நேரம் வேண்டும் என்று யோசிக்காமல் எல்லோருக்கும் ஒரே கலவையைப் போடுவதுதான் முதல் தவறு. சின்ன வேலை முடிந்து சாயங்காலமே வீட்டுக்குப் போகிறவருக்கு மறுநாள் வரை கை செத்துக் கிடந்தால், "டாக்டரய்யா, கை எப்போ வரும்?" என்று ராத்திரி முழுக்கப் போன் வரும்.

கூட்டு மருந்துகளில் அதிகம் சறுக்குவது, ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினில். 1 மி.லி. ஆம்பூலில் 1 மி.கி. இருக்கிறது. 20 மி.லி. மரப்பு மருந்துக்கு அதில் 0.1 மி.லி. போதும், அதுதான் 2 லட்சத்தில் 1 பங்கு. சொட்டுக் கணக்கெல்லாம் வேண்டாம். இன்சுலின் சிரிஞ்சில் அளக்கிறவர்கள் அது எந்தச் சிரிஞ்ச் என்று பார்க்க வேண்டும்: 40 யூனிட் சிரிஞ்சில் 0.1 மி.லி. என்பது 4 கோடு, 100 யூனிட்டில் 10 கோடு. 40 யூனிட் சிரிஞ்சில் மாற்றி 10 கோடு எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். நரம்பு ஏற்கெனவே கெட்டுப்போன சர்க்கரை நோயாளிக்கு அட்ரினலினையே தவிர்ப்பது நல்லது.

டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இப்போது எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. நரம்பருகே 4 மி.கி.க்கு மேல் போட்டுப் பெரிய லாபம் இல்லை. ரத்தக்குழாயில் போட்டாலே பலன் பெருமளவு கிடைத்துவிடும், நான் அதைத்தான் விரும்புவேன். சர்க்கரை ஏறும் என்பதை வார்டில் சொல்லிவிடுங்கள். இதை ரோப்பிவகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்தோடு ஒரே சிரிஞ்சில் கலந்தால் துகள் படியும்.

டெக்ஸ்மெடிட்டோமிடின், குளோனிடின் என்ற கூட்டு மருந்துகள் இரண்டும் நாடித்துடிப்பையும் பிரஷரையும் இறக்கும். நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்குப் போட்டுவிட்டு மானிட்டரைக் கழற்றக் கூடாது. தூக்க மருந்தான மிடாசோலம் நரம்பருகே வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கூட்டு மருந்து சேர்த்த தைரியத்தில் பியூப்பிவகெயினைத் தாராளமாக ஏற்றாதீர்கள். கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் 50 கிலோ ஆளுக்கு 0.5 சதவீத மருந்து 20 மி.லி.தான். மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறி விஷமானால் கொடுக்க, 20 சதவீத லிப்பிட் (கொழுப்புத் திரவம்) பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கெண்டைக்கால் எலும்பு முறிவு என்றால் எலும்பு டாக்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். உள்ளே தசை வீங்கி அழுத்தம் ஏறும்போது வலிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நீண்ட பிளாக் அதை மறைத்துவிடலாம்.