பெரிய நிறுவனத்தை விட்டு வேறு நிறுவனத்திடம் வீட்டுத் தொலைபேசியும் பிராட்பேண்டும் பெறுவது எப்படி?

ஒரே தொலைபேசி நிறுவனம் பல ஆண்டுகளாகக் கோலோச்சும் இடங்களில், வேறு நிறுவனத்திடம் இணைப்பு வாங்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததால் அவர்களில் பெரும்பாலோர் பழைய இணைப்பிலேயே இருந்துவிடுகிறார்கள். முதன்முறையாக மாற நினைப்பவர்களுக்காக, எதை முதலில் கேட்க வேண்டும், எதை இறுதிக்கு முன்னால் செய்துவிடக்கூடாது என்பதை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். கட்டண ஒப்பீட்டை வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறேன். அதிலிருந்து தொடங்கினால், பிறகு வரும் எந்தக் கேள்வியையும் கேட்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை.

படி 1: வீடு வரை வரும் கம்பி யாருடையது என்று கேளுங்கள்

கட்டண ரசீதில் அச்சாகும் பெயரும், தெருவில் ஓடும் கம்பியின் உரிமையாளரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனம் தன் செப்புக் கம்பியையோ கண்ணாடி இழையான ஃபைபரையோ போட்டி நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்று பல நாடுகளின் ஒழுங்குமுறை ஆணையங்கள் விதித்துள்ளன. அப்படி வாடகைக் கம்பியில் சேவை தரும் நிறுவனத்திற்கு மாறினால் கட்டணமும் வாடிக்கையாளர் சேவையும் மாறும். ஆனால் கம்பி பழுதானால் அதைச் சரிசெய்ய வருபவர் பெரும்பாலும் பழைய நிறுவனத்தின் ஊழியராகவே இருப்பார். கட்டணத்திற்காக மாறுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அடிக்கடி வரும் பழுதுகளால் சலித்துப்போய் மாறுகிறவருக்கோ இதுதான் எல்லாம். நான் முதன்முறை மாறியபோது இதைக் கேட்கத் தவறினேன். மழை பெய்தால் பேச்சில் இரைச்சல் வருகிறது என்பதற்காகவே மாறியும், அடுத்த மழைக்காலத்தில் அதே கம்பத்திலிருந்து இறங்கிய அதே செப்புக் கம்பியில் அதே இரைச்சல்தான் கேட்டது.

ஆகவே, "இந்த முகவரிக்கு வரும் கடைசிப் பகுதிக் கம்பி உங்களுடையதா? பழுதானால் யார் வருவார், எத்தனை நாளுக்குள் வருவார்?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் சேவை உண்டு என்பதும், உங்கள் வீட்டில் சேவை உண்டு என்பதும் வேறுவேறு என்பதால் கதவிலக்கத்தோடு முழு முகவரியைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 2: இணைப்பின் வகையைப் பாருங்கள்

பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் இணைப்புக்குத் தொலைவுதான் எதிரி. ஏடிஎஸ்எல்2+ என்னும் முறை, தொலைபேசி இணைப்பகத்திற்கு (எக்ஸ்சேஞ்ச்) மிக அருகில் 24 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்னும் வேக அளவு) வரை தரும். சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதில் சிறு பகுதியே எஞ்சும். அதற்குப் பின் வந்த விடிஎஸ்எல்2, தெருவோரப் பெட்டியிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு 100 எம்பிபிஎஸ் அளவுக்குத் தரக்கூடியது. தொலைவு கூடக்கூட அதுவும் விரைவாகக் குறையும். எனவே செப்புக் கம்பி இணைப்பில், விளம்பரத்தில் உள்ள எண்ணைப் பார்ப்பதைவிட, இரண்டு வீடு தள்ளி இருப்பவருக்கு என்ன வேகம் கிடைக்கிறது என்று விசாரிப்பது மேல்.

ஃபைபரில் தொலைவு ஒரு சிக்கலே இல்லை. ஆனாலும் அதில் பகிர்வு உண்டு. பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓர் இழையின் 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்) இறக்கத் (டவுன்லோட்) திறனையும் அதில் பாதியான ஏற்றத் (அப்லோட்) திறனையும் பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எல்லாரும் ஒரே நொடியில் முழுவேகம் கேட்பது அரிது என்பதால் நடைமுறையில் இது உறுத்துவதில்லை. தொலைக்காட்சிக் கேபிள் வழியாக வரும் இணைப்பில் இறக்க வேகம் நன்றாக இருந்தாலும் ஏற்ற வேகம் பொதுவாகக் குறைவு. மாலை நேரத்தில் நெரிசலையும் உணர முடியும். கைபேசிக் கோபுரத்திலிருந்து அலைவழியாக வரும் வீட்டு இணைப்புக்குச் சன்னலோரத்தில் எவ்வளவு அலை கிடைக்கிறது என்பதே அளவுகோல்.

செயற்கைக்கோள் இணைப்பில் எந்த உயரத்துச் செயற்கைக்கோள் என்று கேளுங்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்திருப்பவற்றின் வழியே ஒரு செய்தி போய்ப் பதில் திரும்ப அரை விநாடிக்குக் குறையாமல் ஆகும். அதில் தொலைபேசிப் பேச்சு நடத்துவது இருவருக்குமே சோர்வு தரும். ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் வாசலில் ஃபைபர் வருமானால் மற்றவற்றை எண்ணிப் பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: தொலைபேசி எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் படி இது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகமே ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. ஆகையால் வீட்டில் மின்சாரம் போனாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். புதிய நிறுவனம் தரும் தொலைபேசி, கிட்டத்தட்ட எப்போதும், இணையத்தின் மேல் செல்லும் குரல் சேவைதான். தொலைபேசிக் கம்பியை ரௌட்டரின் பின்புறம் உள்ள சிறு துளையில் செருகுவார்கள். மின்சாரம் போனால் ரௌட்டர் அணையும், ஃபைபரை முடித்துவைக்கும் ஓஎன்டி பெட்டியும் அணையும், தொலைபேசியும் ஊமையாகிவிடும்.

முதியவர்களோ நோயாளிகளோ தனியாக இருக்கும் வீட்டில் இதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அவசர உதவி எண்ணை இந்தச் சேவையிலிருந்து அழைக்க முடியுமா, அழைத்தால் உங்கள் முகவரி அவர்களுக்குத் தெரியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ஓஎன்டி, ரௌட்டர் இரண்டையும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் இணையுங்கள். ஒன்றை மட்டும் இணைத்தால் பயனில்லை. இவை குறைந்த மின்சாரமே எடுப்பதால் சிறிய யுபிஎஸ்கூடச் சில மணி நேரம் தாங்கக்கூடும். திருட்டு எச்சரிக்கைக் கருவி, ஃபாக்ஸ், உதவி கோரும் மருத்துவப் பொத்தான் போன்றவை பழைய கம்பியை நம்பியிருந்தால், அவற்றைத் தந்தவர்களிடம் புதிய சேவையில் அவை இயங்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குரலுக்கு வேகம் அதிகம் தேவையில்லை. ஓர் அழைப்புக்கு இரு திசையிலும் தலா 100 கேபிபிஎஸ் (0.1 எம்பிபிஎஸ்) போதும். தாமதம் ஒரு திசையில் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும்.

படி 4: தேவையான வேகத்தைக் கணக்கிடுங்கள்

எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் இறங்கும். மூன்று நான்கு பேர் உள்ள வீட்டில் படம் பார்க்கவும் பாடம் படிக்கவும் இதுவே தாராளம். இறக்க வேகத்தை இரட்டிப்பாக்கச் செலவழிப்பதைவிட, ஏற்ற வேகம் எவ்வளவு என்று பார்ப்பது நல்லது. காணொளிச் சந்திப்பில் உங்கள் முகம் உறைந்துபோவதற்கு ஏற்ற வேகக் குறைவும் வீட்டுக்குள் உள்ள வைஃபையின் பலவீனமும்தான் பெரும்பாலும் காரணம். பழைய நிறுவனத்தின் இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன், மடிக்கணினியைக் கம்பி வழியாக ரௌட்டரில் இணைத்து இரவு எட்டு மணிக்கும் காலையிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் சரியாக இருந்தால் உங்களுக்குத் தேவைப்படுவது ரௌட்டரை வேறிடத்தில் வைப்பதாக இருக்கலாம்.

வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் பல, ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் வீட்டை அடையாளம் காட்டும் எண்) பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. அப்படியானால் வெளியிலிருந்து உங்கள் கேமராவை நேரடியாக எட்டுவது கடினம். ரௌட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் அது அப்படிப்பட்ட முகவரி. தனி முகவரி தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள்.

படி 5: ஒப்பந்தத்தையும் கட்டணத்தையும் படியுங்கள்

தொடக்கச் சலுகை முடிந்த பிறகு மாதக் கட்டணம் எவ்வளவு, நிறுவும் கட்டணம், மோடத்திற்கான வைப்புத்தொகை, இடையில் விலகினால் தண்டம், அளவுக்கு மேல் பயன்படுத்தினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பவற்றை எழுதிவைத்து, ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். பழைய நிறுவனத்தோடு உங்களுக்குள்ள ஒப்பந்தம் முடியும் நாளையும் பாருங்கள்.

படி 6: எண்ணைக் காப்பாற்றுங்கள், பிறகே பழையதை நிறுத்துங்கள்

புதிய இணைப்பு வருகிறதே என்று பழையதை முதலில் நிறுத்திவிட்டால் எண் நிறுவனத்தின் கைக்குத் திரும்பிவிடும், பிறகு மீட்பது கடினம். உறவினர்களும் மருத்துவமனையும் வங்கியும் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் அந்த எண்ணை இப்படி இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணை மாற்றும் வசதி இருக்கும் இடங்களில், விண்ணப்பத்தைப் புதிய நிறுவனம் வழியாகக் கொடுங்கள். எண் மாறி முடியும் வரை பழைய கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். பழைய ரசீதில் உள்ள பெயர், முகவரி, கணக்கு எண் ஆகியவற்றை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள். சிறு வேறுபாடு இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும்.

தரைவழி எண்ணை மாற்றும் வசதி எல்லா நாடுகளிலும் இல்லை. இல்லாத இடத்தில், பழைய இணைப்பின் மிகக் குறைந்த கட்டணத் திட்டத்திற்கு இறங்கி, அழைப்புகளைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிட்டு, சில மாதங்களில் எல்லாருக்கும் புதிய எண்ணைத் தெரிவிக்கலாம்.

படி 7: இரண்டு வாரம் இரண்டையும் வைத்துப் பாருங்கள்

முடிந்தால் இரண்டு இணைப்புகளும் இரண்டு வாரம் ஒன்றாக இருக்கட்டும். எண்ணை மாற்றினால் அதோடு சேர்ந்து பழைய பிராட்பேண்டும் தானாக நின்றுவிடும் இடங்கள் உண்டு. அங்கே புதிய நிறுவனத்திடம் முதலில் பிராட்பேண்டை மட்டும் வாங்கி, சோதித்த பிறகு எண்ணை மாற்றுங்கள். அந்த நாட்களில் மாலை வேகத்தை அளந்து பாருங்கள், மின் சுவிட்சை ஒருமுறை அணைத்து யுபிஎஸ்ஸில் தொலைபேசி பேசுகிறதா என்று பாருங்கள், வாடிக்கையாளர் சேவையை ஒரு சிறு சந்தேகத்திற்காக அழைத்து எவ்வளவு நேரத்தில் மனிதக் குரல் வருகிறது என்றும் பாருங்கள். பழைய நிறுவனம் தந்த மின்னஞ்சல் முகவரியை வங்கிக்கோ பள்ளிக்கோ கொடுத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கணக்கை மூடினால் அந்த முகவரி பெரும்பாலும் போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தால் பழைய நிறுவனத்திற்கு எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து, மோடத்தை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். இறுதி ரசீதுக்குப் பணம் கட்டிய பின், வங்கியில் கொடுத்திருந்த தானியங்கிக் கட்டண அனுமதியையும் நீங்களே ரத்து செய்துவிடுங்கள்.