எழுத்து அறிவுரைகளில் உங்களுக்கு உதவுவது எது? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறை

புதிதாக எழுத வருபவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. "தினமும் எழுது, எழுத்து தானாக வரும்" என்கிறார் ஒருவர். "உள்ளே ஊறட்டும், அவசரப்படாதே" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே நன்றாக எழுதுகிறவர்கள்தான். நடுவில் நிற்கிற நமக்குத்தான் திண்டாட்டம்.

பல வருடம் கையில் கிடைத்த அறிவுரையை எல்லாம் ஆசையாகப் படித்துக் குறித்து வைத்தேன். குறிப்பேடு நிறைந்தது. எழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. அறிவுரையைப் படித்து ரசிப்பது வேறு, அதை நம் பக்கத்தின் மேல் வைத்துப் பார்ப்பது வேறு என்று புரிய எனக்கு நாளாயிற்று. அப்படி வைத்துப் பார்க்கிற முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நூல், பயிலரங்கு, எழுத்து வட்டம், மூத்த எழுத்தாளரின் பேச்சு என்று அறிவுரை எங்கிருந்து வந்தாலும் இது பொருந்தும்.

படி 1: உங்கள் பக்கம் ஒன்றை எடுத்து வையுங்கள்

நீங்களே எழுதிய பக்கம் ஒன்று வேண்டும். 200, 250 சொற்கள் போதும். இருப்பதிலேயே சிறந்ததும் வேண்டாம், மோசமானதும் வேண்டாம். "ஏதோ இடிக்கிறது, என்னவென்று தெரியவில்லை" என்று தோன்றுகிற பக்கமே சரி. மேலே "மூலம்" என்று எழுதித் தேதி போட்டு, ஒரு நகல் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். இனி அதில் கைவைக்கக் கூடாது. திருத்தம் எல்லாம் வேறு நகல்களில்தான்.

படி 2: ஒரே ஒரு கேள்வி

"நன்றாக எழுதுவது எப்படி?" என்று கேட்டால் யாராலும் பயனுள்ள பதில் சொல்ல முடியாது. "என் கதையில் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், என்ன செய்ய?" என்று கேட்டால் முடியும். உங்கள் பக்கத்துக்கு ஏற்ற கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொண்டு, அதே கேள்விக்கு மூன்று இடங்களில் என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள். ஆளுக்கு ஒரு கேள்வியை வைத்தால் ஒப்பிட முடியாது. மூன்றுக்கு மேல் போனால் மறுபடி குறிப்பேடுதான் நிறையும்.

படி 3: அறிவுரையைக் கைவேலையாக மாற்றிப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. நிதானமாகச் செய்யுங்கள்.

உதாரணத்துக்கு இந்தப் பத்தியை எடுத்துக்கொள்வோம்:

"அப்பாவின் அறைக்குள் நுழைந்தபோது அவளுக்கு மிகுந்த துக்கமாக இருந்தது. அறை மிகவும் அமைதியாக இருந்தது. அவர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவளால் தாங்கவே முடியவில்லை."

தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வாசிக்கிறவருக்குத் துக்கம் வரவில்லை. இதற்கு மூன்று அறிவுரைகள் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: "வாசகர் மனத்தைத் தொடும்படி எழுது." கேட்க நன்றாக இருக்கிறது. பேனாவைக் கையில் எடுத்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. எந்தச் சொல்லை எடுப்பது, எதைச் சேர்ப்பது? விடை கிடையாது. இது அறிவுரையே இல்லை, வாழ்த்து. அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது: "மிகைச் சொற்களை வெட்டு." இதை உடனே செய்ய முடியும். "மிகுந்த", "மிகவும்" போகும். "தாங்கவே" என்பது "தாங்க" ஆகும். பத்தி சுத்தமாகிறது, நடையில் ஒரு நிதானம் வருகிறது. ஆனாலும் துக்கம் வரவில்லை. அப்படியென்றால் இந்த அறிவுரை பயனுள்ளதுதான், நம் நோய்க்கு மருந்து இது அல்ல என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: "உணர்ச்சியின் பெயரைச் சொல்லாதே, அந்த இடத்தில் கண்ணில் படும் பொருள் ஒன்றை வை." செய்து பார்ப்போம்.

"அப்பாவின் மூக்குக்கண்ணாடி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. இந்தப் பத்து நாளில் யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். அவர் ஒருநாளும் அப்படி வைக்க மாட்டார், கீறல் விழும் என்பார். அவள் அதை நிமிர்த்தி வைத்தாள்."

துக்கம் என்ற சொல்லே இல்லை. ஆனால் அது வந்துவிட்டது. இறந்தவரின் பழக்கம் ஒன்றும், அதை இன்னும் காப்பாற்றுகிற மகளும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிட்டார்கள்.

உடனே இந்த மூன்றாவதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. அதையே இன்னொரு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "அதன்பிறகு அக்காவும் தங்கையும் மூன்று வருடம் பேசிக்கொள்ளவில்லை." இதைக் காட்சியாக விரித்தால் கதை நின்றுவிடும். இங்கே சொல்லிவிட்டு நகர்வதுதான் அழகு. எங்கே பொருந்தும் என்பதோடு எங்கே பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறவரின் அறிவுரையை நான் கூடுதலாக நம்புவேன். எல்லா இடத்துக்கும் இதுவே விதி என்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பேன்.

உங்கள் மூன்று அறிவுரைகளையும் இப்படியே தனித்தனி நகல்களில் செய்து பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. முடித்ததும் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன மாறியது, என்ன மாறவில்லை. மதிப்பெண் போட வேண்டாம். பத்துக்கு ஏழு என்று எழுதி வைத்தால் ஒரு மாதம் கழித்து அது எதற்கான ஏழு என்று உங்களுக்கே நினைவிருக்காது.

படி 4: அறிவுரை எங்கே பிறந்தது?

"நிலா ஒளிர்கிறது என்று சொல்லாதே, உடைந்த கண்ணாடியில் அதன் மினுக்கத்தைக் காட்டு" என்ற வரியை ரஷ்ய எழுத்தாளர் செகாவ் சொன்னதாக நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வடிவில் அவர் எழுதவில்லை. 1886 மே மாதம் தன் அண்ணன் அலெக்சாண்டருக்கு எழுதிய கடிதத்தில் இயற்கை வருணனை பற்றிப் பேசுகிறார். சின்னச் சின்ன விவரங்களைப் பிடித்து, வாசிப்பவர் கண்ணை மூடினால் காட்சி தெரியும்படி அடுக்க வேண்டும் என்கிறார். ஆலை அணையின் மேல் உடைந்த புட்டியின் துண்டு ஒன்று நட்சத்திரம்போல மின்னியது, நாயோ ஓநாயோ ஒன்றின் கரிய நிழல் பந்துபோல உருண்டு ஓடியது என்று எழுதினால் நிலவொளி இரவு வந்துவிடும் என்று செய்தும் காட்டுகிறார். கைமாறிக் கைமாறி வந்ததில் விவரங்களை எப்படிப் பொறுக்கி அடுக்குவது என்ற பாடம் உதிர்ந்து, கட்டளை மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. முடிந்தபோதெல்லாம் மூலத்தைத் தேடிப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

எந்த மொழியில் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது கட்டாயம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடங்களில் ஒன்று, செயப்பாட்டுவினையைத் தவிர் என்பது. "முடிவு எடுக்கப்பட்டது" என்று யார் எடுத்தார்கள் என்பதை மறைக்கிற கட்டுரை நடைக்கு அது நமக்கும் உதவும். ஆனால் தமிழ்க் கதையில் "கதவு அவனால் திறக்கப்பட்டது" என்று எழுதுகிறவர் அபூர்வம். அந்தப் பாடத்தால் நமக்குப் பெரிய லாபம் இல்லை. நம் எழுத்தில் நான் அடிக்கடி பார்க்கிற நோய் வேறு:

"அவள் தன் கண்களைத் திறந்தாள். அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்."

தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். "கண்ணைத் திறந்தாள். கையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்." அவளும் இல்லை, தன்னும் இல்லை, ஒருவும் இல்லை, ஒன்றும் குறையவில்லை. இன்னொரு மொழிக்காகச் சொன்ன பாடம் இதைக் கண்டுபிடித்துத் தராது. கதைக்கட்டு, பாத்திரம், காட்சி பற்றிய அறிவுரையை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம். வாக்கியம் பற்றிய அறிவுரையைத் தமிழ் எழுதுகிறவரிடம்தான் வாங்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

படி 5: சுற்றி இருப்பவர்களைக் கவனியுங்கள்

அறிவுரை சொல்கிறவரைச் சுற்றி வட்டம் ஒன்று கூடும். கூட்டம் பெரிதா, கைத்தட்டல் பலமா என்று பார்க்காதீர்கள். இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பேசாமல் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்.

பேச்சு பிரதியின் மேல் இருக்கிறதா, எழுதியவர் மேல் இருக்கிறதா? "மூன்றாம் பத்தியில் கிழவி ஏன் சிரிக்கிறாள் என்று விளங்கவில்லை" என்பது பிரதியின் மேல். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்பது ஆளின் மேல்.

போன முறை திருத்தம் கேட்டுப் போனவர், திருத்திக்கொண்டு மறுபடி வருகிறாரா? என் கணக்கில் இதைவிடப் பெரிய அளவுகோல் கிடையாது. திரும்பி வருகிறவர்கள் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது.

புதியவர் கேட்ட எளிய கேள்விக்கு என்ன பதில் கிடைக்கிறது? வழிநடத்துகிறவரோடு ஒத்துப்போகாத ஒருவர் பேசினால் மற்றவர்கள் முகம் எப்படி மாறுகிறது? இந்த இரண்டும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் முதலில் போய்ச் சேர்ந்த வட்டத்தில் எல்லாரும் அன்பானவர்கள். எதை வாசித்தாலும் "அருமை" என்பார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் மகிழ்ச்சியாகப் போனேன். என் கதைகளின் முடிவு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. வேறொரு இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் முதல் வாசிப்பிலேயே சொன்னார். அன்றைக்கு வலித்தது. அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

படி 6: இப்போது உங்கள் பக்கத்தைக் கொண்டுபோங்கள்

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். பதிலாக இந்த மூன்றைக் கேளுங்கள்: எந்த இடத்தில் கவனம் நழுவியது? அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? வாசித்து முடித்தபின் எது மனத்தில் நிற்கிறது?

மற்றவர்கள் பேசும்போது விளக்கம் சொல்லாதீர்கள். ஒவ்வொருவராகப் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்காமல் இருப்பதற்கு மில்ஃபோர்டு முறை என்றே பெயர் உண்டு. 1956இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மில்ஃபோர்டு என்ற ஊரில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்த வழக்கம் அது. நம் விளக்கம் பக்கத்தில் இல்லையென்றால் வாசகருக்கும் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

கேட்டதைப் பிரித்து எழுதுங்கள். எங்கே இடிக்கிறது என்று மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே கோளாறு இருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்லும் வழி அவரவர் கதைக்கு உரியது. அது உங்களுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

கோளாறுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பத்துக் குற்றம் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் எல்லாம் அதில் உண்டு. எனக்குப் பிடித்தது "சென்று தேய்ந்து இறுதல்": தொடக்கத்தில் சொல்லும் பொருளும் வளமாக இருந்து, போகப்போக இளைத்து மங்கி முடிவது. "முடிவு சரியில்லை" என்பதைவிட இது எவ்வளவு துல்லியம்! அந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பிறர் பக்கத்தைப் படியுங்கள்

வாங்க மட்டும் போகிறவருக்கு எந்த வட்டமும் பாதிதான் பயன்படும். அதே நன்னூல் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால்பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மற்ற அரைப்பங்கும் பிறருக்கு விளங்கச் சொல்லும்போதுதான் வந்து சேரும்.

என் அனுபவத்தில் இது அப்படியே நடந்தது. "அவள்" "தன்" பெருகுவதை நான் என் எழுத்தில் கண்டுபிடிக்கவில்லை. இன்னொருவரின் கதையில் ஏன் தடுக்குகிறது என்று அவருக்கு விளக்க உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்து என் பக்கத்தைப் பார்த்தால் ஒரே பக்கத்தில் 14 "அவள்".

ஆகவே ஒரு சந்திப்புக்கு ஒருவரின் பக்கத்தையாவது பென்சிலோடு படித்துவிட்டுப் போங்கள். பிடித்த இடம் ஒன்றைக் காரணத்தோடு சொல்லுங்கள். நழுவிய இடம் ஒன்றைக் காட்டுங்கள். அவ்வளவு போதும்.

மூன்று மாதம் இப்படிச் செய்தபின், தேதி போட்டு எடுத்து வைத்த அந்த மூலப் பக்கத்தை வெளியே எடுங்கள். யார் சொன்னதையும் பார்க்காமல் நீங்களே பென்சிலால் குறியிடுங்கள். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, ஒவ்வொரு குறியையும் காணும் கண் உங்களுக்கு யாரிடமிருந்து, எந்த வட்டத்திலிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். அடிக்கடி வருகிற பெயர் எதுவோ, அடுத்த பக்கத்தை அங்கே கொண்டுபோங்கள்.